பீரங்கி கேட்ட மேடையும் ஒத்திவைத்த தீர்ப்பும்

பட்டிமன்றம் பேசப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு முதலில் ஒரு தொழில் ரகசியத்தைச் சொல்லிவிடுகிறேன். தீர்ப்பு டிபன் கடையிலேயே முடிவாகிவிடும். இரண்டு அணிகளும் மேடையில் கழுத்து நரம்பு புடைக்கக் கத்துவதற்கு மூன்று மணி நேரம் முன்பே, நடுவரான நான் இரண்டாவது இட்லியைப் பிட்டுக்கொண்டே "இன்னிக்கு என்ன சொல்லிடலாம்?" என்று கேட்பேன். யாராவது ஒருவர், "ரெண்டும் வேணும்னு சொல்லிடுங்க டீச்சர், யாரும் கோச்சுக்க மாட்டாங்க" என்பார். அதோடு விஷயம் முடிந்தது. காபி குடித்துவிட்டு வேனில் ஏறிவிடுவோம்.

விழுப்புரத்தில் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டே முப்பது வருடம் மேடையேறினேன். அதில் கடைசிப் பத்து வருடம் நடுவர். ஒரு நீள நோட்டில் ஊர், தலைப்பு, தீர்ப்பு மூன்றையும் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. ஒரே ஊரில் ஒரே நகைச்சுவையை இரண்டு தடவை சொல்லி மாட்டிக்கொள்ளக் கூடாது, அதற்காகத்தான். எல்லாவற்றையும் விட்ட பிறகு ஒரு நாள் அதைப் புரட்டிப் பார்த்தேன். தாயா தாரமா: இருவரும். நகரமா கிராமமா: இரண்டும். கைப்பேசி வரமா சாபமா: இரண்டும். நடுவராக இருந்த பத்து வருடத்தில் ஒரு விஷயத்தில்கூட நான் ஒரு பக்கம் சாய்ந்ததில்லை. கடைத் தராசுகூடக் காற்றடித்தால் கொஞ்சம் சாயும்.

ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் தீர்ப்பு என்ற இடம் காலியாகக் கிடக்கிறது. அந்தக் காலியிடத்தைப் பற்றிச் சொல்லத்தான் உங்களை உட்கார வைத்திருக்கிறேன்.

அதற்கு முன் இன்னொரு ரகசியம். பட்டிமன்றத்தின் முதல் எதிரி சிறப்பு விருந்தினர். பொன்னாடை போர்த்தி, வாழ்த்துரை வழங்க மைக்கைக் கொடுத்தால், தன் சின்ன வயதிலிருந்து ஆரம்பிப்பார். அவர் கல்யாணம் வரைக்கும் வருவதற்குள் நம் அணித் தலைவர்கள் தூங்கிவிடுவார்கள். அவரை மரியாதையாகக் கிளப்பிவிட என்னிடம் ஒரு வாக்கியம் இருந்தது. எனக்கு முந்தைய நடுவர் ஒருவரிடம் திருடியது. "ஐயா அவர்களுக்கு அடுத்தடுத்துப் பல நிகழ்ச்சிகள் காத்திருக்கின்றன. அவர்களை நாம் இங்கேயே பிடித்து வைத்துக்கொண்டால், காத்திருக்கும் மக்களுக்கு யார் பதில் சொல்வது?" என்று உருக்கமாகச் சொல்ல வேண்டும். கூட்டம் கைதட்டும். வேறு எந்த நிகழ்ச்சியும் இல்லாதவர்கூடக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எழுந்துவிடுவார். அப்படி நான் அனுப்பிவைத்த ஒரு பிரமுகரை, நிகழ்ச்சி முடிந்து வரும்போது விழுப்புரம் பஸ் நிலையத்துப் பேக்கரியில் பார்த்தேன். தனியாக நின்று பன்னை டீயில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தார்.

இந்த வாக்கியத்தில் எனக்கு அவ்வளவு கர்வம். அந்தக் கர்வம்தான் ஒரு நாள் என் காலை வாரிவிட்டது.

எங்கள் மாவட்டத்து வல்லத்துக்குப் பக்கத்தில் ஓர் ஊர். மாதா கோவில் தேர்த் திருவிழா. தேர் ஏழு மணிக்குப் புறப்படும் என்பதால் பட்டிமன்றத்தை மாலை நாலு மணிக்கே வைத்துவிட்டார்கள். விழாக்குழுச் செயலாளர் லூர்துசாமி போனில் தலைப்பைச் சொன்னபோது நான் இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். "போரை முடிவுக்குக் கொண்டுவருவது பேச்சுவார்த்தையா, ஆயுத உதவியா?"

"ஏங்க, தேர்த் திருவிழாவுக்கு இது எதுக்குங்க? மாமியார் மருமகள்னு ஏதாவது வெச்சுக்கலாமே" என்றேன்.

"அய்யோ டீச்சர், நானும் அதத்தான் சொன்னேன். ஊருல ஒத்துக்க மாட்டேங்கறாங்க. ஒரே பேஜாரா போச்சு. நீங்க ஒண்ணும் கேக்காதீங்க, வந்து பேசிட்டுப் போங்க" என்றார்.

எந்தப் போர் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பெரிய நாடு பக்கத்து நாட்டுக்குள் படையோடு புகுந்தது. புகுந்தவனை விரட்ட இன்னும் ஆயுதம் கொடுங்கள் என்று பாதி உலகம் சொல்கிறது, போதும் உட்கார்ந்து பேசுங்கள் என்று மீதி உலகம் சொல்கிறது. தினமும் டிவியில் பார்க்கிறோம். பார்த்துக்கொண்டே சாப்பிடுகிறோம்.

அன்றைக்குத் திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்து டிபன் கடையில் எங்கள் அமைச்சரவை கூடியது. ஆயுத அணிக்குத் தலைவர் ஒரு பெரிய குரல்காரர். ஒலிபெருக்கியே இல்லாமல் மயிலம் வரைக்கும் கேட்கும் என்பார்கள். கர்ஜனையார் என்றுதான் அவரைக் கூப்பிடுவோம். அவர் வீட்டில் தீபாவளிக்குச் சரவெடி கொளுத்துவது அவர் மனைவி. இவர் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு நிற்பார். பேச்சுவார்த்தை அணிக்கு ஓர் இளம் கல்லூரி ஆசிரியர். சமாதானத் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு ஓனரோடு தண்ணீர்த் தொட்டித் தகராறில் ஒரு வருடமாக முகம் கொடுத்துப் பேசாதவர். இவர்கள் இரண்டு பேரும்தான் உலகப் போரை முடித்துவைக்கப் போனார்கள்.

"என்ன சொல்லிடலாம்?" என்றேன்.

"ஆயுதமும் வேணும், பேச்சுவார்த்தையும் வேணும்" என்றார் கர்ஜனையார், வடையைச் சாம்பாரில் அமுக்கிக்கொண்டே.

மேடையில் சிறப்பு விருந்தினராக ஒரு பெரிய புள்ளி உட்கார்ந்திருந்தார். அவர் பதவியைச் சொல்ல மாட்டேன். டெல்லி வரைக்கும் ஆள் தெரிந்தவர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாழ்த்துரையை ஆரம்பித்தார். அவர் பள்ளிக்கூடம் சேர்ந்த இடத்துக்கு வந்தபோதே எனக்குப் பொறுக்கவில்லை. மூச்சு விட ஓர் இடைவெளி விட்டார். நான் மைக்கைப் பிடித்துவிட்டேன். காத்திருக்கும் மக்களைச் சொன்னேன், யார் பதில் சொல்வது என்று கேட்டேன், கூட்டம் கைதட்டியது, அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவரை லூர்துசாமி தன் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துக்கொண்டு போனார். எல்லாம் ஐந்து நிமிடம். என் வாழ்க்கையிலேயே நேர்த்தியாகச் செய்த வேலைகளில் அது ஒன்று என்று அப்போது நினைத்தேன்.

முன்வரிசையில் ஒரு பெண் சட்டென்று எழுந்து நின்றதைப் பார்த்தேன். ஐம்பது வயதிருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. விருந்தினர் போன திசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்துவிட்டார். நானும் பார்த்ததோடு சரி.

சமாதானத் தம்பி முதலில் பேசினார். நன்றாகவே பேசினார். "எந்தப் போரும் கடைசியில் ஒரு மேசையில்தான் முடிகிறது. எப்படியும் அந்த மேசைக்குத்தான் போகப் போகிறீர்கள். அதற்கு நடுவில் சாகிறவன் எதற்காகச் சாகிறான்?" என்றார். கைதட்டல். பிறகு கர்ஜனையார் எழுந்தார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது, மறைக்க மாட்டேன். "வீட்டுக்குள் புகுந்தவனோடு உட்கார்ந்து பேசு என்கிறீர்களே, அவன் உட்காரப் போவது யாருடைய நாற்காலியில்? என் நாற்காலியில்! முதலில் அவனை எழுப்பி வெளியே அனுப்ப எனக்கு ஒரு தடி கொடுங்கள், பிறகு பேசுகிறேன்!" கூட்டம் விசில் அடித்தது. அவருக்கு ஏறிவிட்டது. "கொடு! துப்பாக்கி கொடு! பீரங்கி கொடு! இன்னும் கொடு!" என்று கையை வீசினார். அவித்த மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டிருந்த கூட்டம் தோலைக் கீழே போட்டுவிட்டுத் தட்டியது.

அந்த நேரத்தில்தான் ஒரு துண்டுச்சீட்டு மேடைக்கு வந்தது. நடுவருக்கு வரும் சீட்டுகள் உங்களுக்குத் தெரியும்: வழியில் நிற்கும் வெள்ளைக் காரை எடுக்கவும், இளைஞர் மன்றத்தின் பெயரைச் சொல்லவும். இது திருவிழா நோட்டீசின் பின்பக்கத்தில் எழுதியிருந்தது.

"அம்மா, அவர ஏன் அனுப்பினீங்க. என் மகன் சகாயம் அந்தச் சண்டையில மாட்டிக்கினு இருக்கான். அவர் கையில மனு குடுக்கத்தான் நான் இந்தத் தலைப்பே வெக்கச் சொன்னது. இப்படிக்கு அருளம்மாள்."

மைக்கில் பீரங்கி கேட்டுக்கொண்டிருந்தார் கர்ஜனையார். நான் சீட்டை இரண்டாவது தடவை படித்தேன். முன்வரிசைப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடையின் பின்பக்கம் நின்றுகொண்டிருந்த விழாக்குழு ஆள் ஒருவரைக் கூப்பிட்டுக் காதைக் கடித்தேன். அவர் சொன்னது இதுதான். அருளம்மாள் மல்லாட்டை பிடுங்கவும் நாற்று நடவும் கூலிக்குப் போகிறவர். மகன் சகாயம் வானூர்ப் பக்கம் கட்டட வேலை செய்துகொண்டிருந்தான். கிடங்கில் பெட்டி தூக்கும் வேலை என்று ஓர் ஏஜெண்ட் வெளிநாட்டுக்கு அனுப்பினான். அங்கே புரியாத மொழியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்கி, ராணுவ உடுப்பை மாட்டி, முன்னணிக்கு அனுப்பிவிட்டார்கள். படையெடுத்துப் போன நாட்டின் உடுப்பு. அருளம்மாள் விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை தவறாமல் மனு கொடுத்தார். ரசீது ரசீதாக வந்தது. டெல்லிக்கு எழுதியிருக்கிறோம் என்றார்கள். டெல்லியில் ஆள் தெரிந்த அந்தப் பெரிய புள்ளியை மூன்று தடவை தேடிப் போனார். மூன்று தடவையும் ஐயா வெளியே போயிருக்கிறார் என்றார்கள்.

"அதாங்க டீச்சர், பட்டிமன்றத்துக்கு வந்தா ரெண்டு மணி நேரம் மேடையில ஒக்காந்துகினு இருந்துதான ஆவணும், எங்க ஓடுவாரு, சண்டையப் பத்திப் பேசறப்ப எம் மனுவ வேணாம்னு சொல்ல முடியுமான்னு கேட்டுச்சு. அவரக் கூப்புடச் சொன்னதும் அந்த அம்மாதான். தேருக்குப் பூ கட்டறது அந்த அம்மா தெருப் பொம்பளைங்க. தலைப்ப மாத்துனா தேரு மொட்டையாத்தான் போவும்னு லூர்துசாமிகிட்ட ஒரே சண்ட."

ரெண்டு மணி நேரம் எங்கே ஓடுவார்! கலெக்டர் ஆபீசும் கட்சி ஆபீசும் செய்ய முடியாததை ஒரு கூலிக்காரப் பெண் திட்டம் போட்டுச் செய்திருக்கிறாள். அவரை மேடையில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறாள். அவரை எழுப்பி அனுப்பியது என் அழகான வாக்கியம். எனக்கு வெட்கமாக இருந்தது, அதை வேறு எப்படியும் சொல்லத் தெரியவில்லை.

"அவர் கெளம்பிட்டாரா?"

"இல்லீங்க, லூர்துசாமி வீட்டுலதான் பிரியாணி சாப்பிட்டுக்கினு இருக்காரு. கார் அங்கதான் நிக்குது."

அங்கே போய்க் கூப்பிட்டால் வர மாட்டார். நிகழ்ச்சி இருக்கிறது என்பார், நானே கொடுத்த நிகழ்ச்சி. அந்த வீட்டு எதிரில் புளியமரத்தில் ஒரு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தது, வரும்போதே பார்த்திருந்தேன். அது ஒன்றுதான் வழி. கர்ஜனையாருக்கு மணி அடித்தேன். பீரங்கியோடு நின்ற மனிதர் திகைத்துப்போய்ப் பார்த்தார். மைக்கை வாங்கினேன்.

"அன்பார்ந்த பெருமக்களே! இன்றைய தீர்ப்பை நான் சொல்லப் போவதில்லை. உலகத் தலைவர்களே விடை தெரியாமல் தவிக்கும் இந்தக் கேள்விக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி, இந்த மாவட்டத்தில் ஒரே ஒருவருக்குத்தான் இருக்கிறது. அவருடைய ஞானத்துக்கு முன்னால் நாங்களெல்லாம் எம்மாத்திரம்! அவர் இப்போது இந்த ஊரில்தான் உணவருந்திக்கொண்டிருக்கிறார். அவர் வருவாரா? வர மாட்டாரா?"

கூசாமல் சொன்னேன். கூட்டம் "வருவாரு!" என்று கத்தியது. நாலு நிமிடத்தில் வந்துவிட்டார். மாவட்டத்தின் எந்தச் சிக்கலுக்கும் அவர் அவ்வளவு ஜல்தியாக வந்து யாரும் பார்த்ததில்லை. கை கழுவிய ஈரம் காயவில்லை. பிரியாணி வாசம் அவருக்கு முன்னால் மேடையேறியது.

மைக்கைக் கொடுத்தேன். உலக அமைதியைப் பற்றிக் கொஞ்சம் பேசினார், தன்னைப் பற்றி நிறையப் பேசினார். கடைசியில் தொண்டையைச் செருமிக்கொண்டு தீர்ப்புக்கு வந்தார்.

"என்னைப் பொறுத்தவரைக்கும், ஆயுதமும் வேணும். பேச்சுவார்த்தையும் வேணும்."

கூட்டம் தட்டியது. அது என்னுடைய வாக்கியம். அச்சு அசலாக, ஒரு சொல் மாறாமல், டிபன் கடையில் நாங்கள் சமைத்தது. பத்து வருடமாக எத்தனை ஊரில் அதை நான் நிறுத்தி நிதானமாகச் சொல்லியிருக்கிறேன். இன்னொருவர் வாயிலிருந்து, அருளம்மாளைப் பார்த்துக்கொண்டே கேட்டபோதுதான் அதில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தது.

"ஐயா அவர்களுக்குப் பொன்னாடை போர்த்த அருளம்மாள் அவர்களை அழைக்கிறேன்" என்றேன்.

அவர் ஒரு கையில் சால்வை, ஒரு கையில் பிளாஸ்டிக் உறையோடு ஏறினார். சால்வையை மேசைமேல் வைத்துவிட்டார். மனுவை நீட்டினார். விருந்தினர் பார்க்காமலே அதை வாங்கிப் பின்னால் நின்ற ஆளிடம் கொடுத்து, "பாக்கலாம்மா" என்றார்.

அருளம்மாள் நகரவில்லை. மைக்கிடம் குனிந்தார்.

"பாக்கலாம்னு சொல்றீங்களே, அது பேச்சுவார்த்தைங்களா, ஆயுதங்களா?"

கூட்டம் சிரித்தது. அவ்வளவு சத்தமான சிரிப்பு கர்ஜனையாருக்குக்கூடக் கிடைத்ததில்லை. அப்புறம் அருளம்மாள் எங்கள் பக்கம் திரும்பினார்.

"தோ இந்த அண்ணன் பீரங்கி குடு, துப்பாக்கி குடுன்னு சொன்னாரு. நாயந்தான். அவங்க ஊரு அவங்களுது. போனவன் போனது தப்புதான். ஆனா துப்பாக்கி தானா சுடாதே அண்ணே. அதப் புடிக்க ஒரு கை வேணுமே. அந்தக் கை எங்கருந்து வருதுன்னு கேட்டியா? இங்க, எங்க தெருவுலருந்து போயிருக்குது. நீ குடுக்கச் சொல்ற பீரங்கி எம் புள்ள மேலதான் வுழும். தோ இந்தத் தம்பி பேசி முடிக்கலாம்னு சொன்னாரு. சந்தோசம். எப்போ முடிப்பீங்க? அது வரைக்கும் அவன் குழிக்குள்ளயே ஒக்காந்துகினு இருக்கணுமா? மூணு வாரமா அவங்கிட்டருந்து ஒரு மெசேஜு இல்ல."

நிறையப் பேர் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

விருந்தினர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரியும். என் வாக்கியத்தைக் கேட்கிறார். ஐயாவுக்கு அடுத்தடுத்து நிகழ்ச்சிகள் என்று நான் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும், எழுந்து போய்விடலாம். இவரைப் போன்றவர்களை நான் எத்தனையோ மேடையில் இப்படிக் காப்பாற்றியிருக்கிறேன். இந்தத் தொழிலில் நான் நல்ல பெயர் எடுத்ததில் பாதி அதனால்தான். அன்றைக்கு என் தண்ணீர்ப் பாட்டிலைத் திறந்து மெதுவாகக் குடித்தேன். வாழ்க்கையில் நான் செய்த ஒரே உருப்படியான நடுவர் வேலை அந்தத் தண்ணீரைக் குடித்தது.

"இப்பவே போன் போடுங்க" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார். பிறகு எல்லோரும் கத்தினார்கள். போட்டார். ஞாயிற்றுக்கிழமையாக இருந்தும் டெல்லியில் யாரோ எடுத்தார்கள். சகாயத்தின் பாஸ்போர்ட் எண்ணை அருளம்மாள் தாளைப் பார்க்காமல் சொன்னார். அதை மேடையில் எல்லோரும் கேட்டோம்.

நான் மைக்கை வாங்கி, "தீர்ப்பு ஒத்திவைக்கப்படுகிறது. சகாயம் வந்து சொல்லட்டும்" என்று கூட்டத்தை முடித்தேன். தேர் புறப்பட நேரமாகிவிட்டது. பூ கட்டியிருந்தார்கள், அழகாகவே இருந்தது.

திரும்பும் வழியில் வேன் திண்டிவனம் வந்ததும் இறங்கப் போன கர்ஜனையார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"டீச்சர், நான் இன்னா கேட்டேன்னு எனக்கே தெரியல. ஆனா அடி வாங்கற அந்த நாட்டுக்காரனுக்கும் ஒரு அம்மா இருக்கும்ல? வெறுங்கையோட நில்லுன்னு அவங்கிட்ட எப்படிச் சொல்றது?"

அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. சமாதானத் தம்பி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த வீடியோ ஊர் ஊராகப் போனது. வேறு மாவட்டத்திலிருந்தும் சில குடும்பத்தினர் அருளம்மாளுக்குப் போன் செய்தார்கள், எங்கள் பிள்ளையும் அங்கேதான் என்று. எல்லோரையும் அழைத்துக்கொண்டு அவர் விருந்தினர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். ஐயா இப்போது வீட்டில் இருந்தார். கடிதங்கள் போயின. மாதங்களும் போயின. ஒரு நாள் லூர்துசாமி போன் செய்தார். "டீச்சர், சகாயம் வந்துட்டான். தீர்ப்பு பாக்கி இருக்குதுங்களே, வர்றீங்களா?"

போனேன். ஊர் எல்லையில் ஒரு பெரிய பேனர். விருந்தினர் ஆளுயரத்துக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். மூலையில் தபால்தலை அளவில் சகாயம். போரை நிறுத்திய செம்மலே என்று எழுதாததுதான் குறை. மேடையிலும் நடுநாற்காலி அவருக்குத்தான். பேச ஆரம்பித்தார், பள்ளிக்கூடம் வந்தது, நான் என் பழைய வாக்கியத்தை எடுத்து விட்டேன். "பரவால்லம்மா, இன்னிக்கு எனக்கு ஒரு நிகழ்ச்சியும் இல்ல" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தார். வாக்கியத்துக்கும் வயதாகிவிட்டது.

சகாயம் ஒல்லியாக இருந்தான். யாராவது பேசினால் தலையை வலப்பக்கம் திருப்பிக் கேட்டான். இடக் காது போய்விட்டது. ஒன்பது பேர் சால்வை போர்த்தினார்கள். அவனுக்கு வியர்த்தது. கடைசியில் நான் மைக்கை அவன் கையில் கொடுத்தேன். "நீதான் தீர்ப்பு சொல்லணும்பா. பேச்சுவார்த்தையா, ஆயுதமா?"

அவன் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"எனக்குத் துப்பாக்கி குடுத்தாங்க. எதுர்ல இருந்தவனுக்கும் யாரோ குடுத்தாங்க. ரெண்டு பேருல ஒருத்தனுக்கும் ஊருக்குப் போறதுக்கு ஒரு வண்டி குடுக்கல" என்றான். கூட்டம் தட்டத் தொடங்கியது. அவன் நிறுத்தவில்லை.

"வந்ததுலருந்து எல்லாரும் கேக்கறீங்க. குண்டு பட்டுச்சா, எங்க பட்டுச்சுன்னு. காதக் காட்டறேன். பாத்துட்டுப் போறீங்க. நீ யாரயாவது சுட்டியான்னு ஒருத்தரும் கேக்கல."

தட்டிக்கொண்டிருந்த கைகள் சில நின்றன. சில நிற்கவில்லை, என்ன சொன்னான் என்று புரியாமலே, பேச்சு முடிந்த பழக்கத்தில் தட்டினார்கள். விருந்தினரும் தட்டினார். கீழேயிருந்து லூர்துசாமி முடித்துவிடுங்கள் என்று சைகை காட்டினார்.

எனக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. "இளைஞன் நம் நெஞ்சைத் தொட்டுவிட்டான்" என்று ஒரு நல்ல வரி சொல்லி, நன்றியுரைக்குப் போய்விடலாம். முப்பது வருடப் பயிற்சி அதற்குத்தான். அந்த வரி நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

அவன் கையிலிருந்து மைக்கை வாங்கி அணைத்தேன். வலக்காதுப் பக்கம் போய் நின்றேன்.

"சுட்டியாப்பா?" என்றேன்.

சொன்னான். நின்றபடியே, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, மெதுவாகச் சொன்னான். கூட்டத்துக்குக் கேட்கவில்லை. மைக் ரிப்பேர் என்று நினைத்துச் சத்தம் போட்டார்கள். அருளம்மாள் மேடைப்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். பிறகு மேலே வந்து, அவன் தோளிலிருந்த சால்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் போட்டுவிட்டு, துப்பாக்கி பிடித்த அந்தக் கையைப் பிடித்துக் கீழே கூட்டிப் போனார்.

அவன் என்ன சொன்னான் என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். உங்களில் யாராவது அதை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடுவீர்கள். நானே அந்த வயதில் வாங்கியிருப்பேன்.

நோட்டில் அந்தப் பக்கம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது. அந்தத் தலைப்பு உங்களுக்கும் வரும். போர் ஒன்றும் முடிந்துவிடவில்லை. ஏற்ற இறக்கம், நகைச்சுவை, நேரம் காப்பது எல்லாம் மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம். போன முதல் நாளே மைக்கைத் திருப்பிப் பார்த்து, அதை அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.